முதலில் எல்லாரும் பெண் என்று எழுதாதீர்கள்

கிளிநொச்சியில் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்துப் பன்னிரண்டு வருசம். கருவில் இனப்பெருக்க உறுப்புகள் உருவாகிற பகுதியில் பிழையே இல்லாத பேப்பர் கட்டு ஒன்றை நான் இன்னும் திருத்தவில்லை. பேப்பரில் விட்டால் இரண்டு மாக்ஸ் போகும், அவ்வளவுதான். அதே பிழையை வீட்டில் விட்டால் சின்னதொரு உடம்புதான் அதைச் சுமக்க வேண்டும்.

அதிகம் வருவது இதுதான்: "முதலில் எல்லாக் கருவும் பெண், பிறகு சிலது ஆணாக மாறும்." ஃபேஸ்புக்கிலும் இதைப் பெரிய கண்டுபிடிப்புப் போலப் போடுகிறார்கள். உண்மையில் ஆறாம் கிழமை வரைக்கும் கரு இரண்டுமில்லை. பெண்ணுக்கான சூலகமா ஆணுக்கான விதையா என்று முடிவாகாத ஒரு சோடி உறுப்பு, பக்கத்தில் வுல்ஃப் குழாய் ஒரு சோடி (ஆணில் விந்து போகும் குழாயாவது), முல்லர் குழாய் ஒரு சோடி (பெண்ணில் கருப்பையாவது), எல்லாருக்கும் இதே சாமான்தான். வீட்டுத்திட்ட வளவுக்குள் கூரைக்கு ஓடுகளையும் சீற்றுகளையும் ஒன்றாக இறக்கி வைத்துவிட்டு எதைப் போடுவது என்று மேசன் யோசித்துக்கொண்டு நிற்பது மாதிரி. ஆண்களிடம் இருக்கிற வை நிறமூர்த்தத்தில் எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகு (ஜீன்) இருந்தால் (அதைக் கண்டுபிடித்ததே 1990இல்தான்) அந்த உறுப்பு விதையாகத் திரும்பும்.

முதலில் எல்லாரும் பெண் என்ற கதை எங்கிருந்து வந்தது என்றால், 1940களில் அல்பிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தாயின் வயிற்றில் இருந்த முயல் குட்டிகளின் விதையை அகற்றிப் பார்த்தார், குட்டிகள் பெண் குழாய்களோடு வளர்ந்தன. குழாய்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சூலகம் சும்மா இருந்து உருவாவதில்லை, அதற்கும் டபிள்யூஎன்டி4, ஆர்எஸ்பிஓ1 என்று தனிப் பரம்பரையலகுகள் வேலை செய்ய வேண்டும். 2009இல் வளர்ந்த பெண் சுண்டெலிகளில் ஃபொக்ஸ்எல்2 என்ற பரம்பரையலகை நிறுத்தியபோது சூலகக் கலங்கள் விதைக் கலங்களைப் போல மாறத் தொடங்கின. பிறந்து வளர்ந்த பிறகும் சூலகம் தன்னைக் காத்துக்கொண்டே இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அடுத்த பிழை, எல்லாவற்றையும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஓமோன் தலையில் கட்டுவது. வுல்ஃப் குழாயைக் காப்பாற்றி விந்து போகும் குழாயாக்குவது டெஸ்டோஸ்டிரோன், சரி. முல்லர் குழாயைச் சுருங்க வைப்பது வேறொன்று, அதன் பெயரே முல்லர் எதிர் ஓமோன். ஆண்குறியும் விதைப்பையும் வெளியில் உருவாக, டெஸ்டோஸ்டிரோனில் இருந்து மாறி வருகிற டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் வேண்டும். முல்லர் எதிர் ஓமோன் மட்டும் வேலை செய்யாவிட்டால் வெளியில் முழு ஆணாக இருக்கிறவருக்கு உள்ளே கருப்பையும் இருக்கும், குடலிறக்க ஒப்பரேசனில் தற்செயலாகக் காண்பதுண்டு.

கிழமைக் கணக்கையும் குழப்பாதீர்கள். கிளினிக் அட்டையில் இருப்பது கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளில் இருந்து எண்ணியது. உயிரியல் புத்தகம் கரு கட்டிய நாளில் இருந்து எண்ணும். இரண்டு கிழமை வித்தியாசம். (நான் இங்கே எழுதுவது புத்தகக் கணக்கு.) வெளியுறுப்பு ஒன்பதாம் கிழமை வரைக்கும் இரு பாலுக்கும் ஒரே மாதிரி ஒரு சின்ன மொட்டுத்தான், பன்னிரண்டாம் கிழமையளவில்தான் தெளிவாகப் பிரியும். அதற்கு முதல் ஸ்கான் அறையில் நின்று "பெடியனோ பெட்டையோ" என்று கேட்டு யாருக்கும் லாபமில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. அம்மா கால் நீட்டி இருந்து, அக்காவின் மகனைக் காலில் போட்டு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டும்போது வலப்பக்க விதைப்பை வெறும் பையாக இருப்பதைக் கண்டார். "ஆம்பிளைப் பிள்ளைதானே பிள்ளை, வளர வளர இறங்கும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தண்ணி வார்த்தார். உயிரியல் படிப்பிக்கிற நானும் ஓம் ஓம் என்று நின்றேன். விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து இறங்கி, கடைசி மூன்று மாதத்தில்தான் கவட்டுப் பக்கத்தால் பைக்குள் வரும், அதனால்தான் மாதம் நிறையாமல் பிறக்கிற ஆண் குழந்தைகளில் 100க்கு 30 பேரளவில் இறங்காமல் இருக்கும், மாதம் நிறைந்தவர்களில் 3 பேரளவில். பிறந்த முதல் சில மாதங்களில் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆறு மாதம் தாண்டினால் அந்த நம்பிக்கையை விட்டுவிட்டு டொக்டரிடம் காட்ட வேண்டும், ஒப்பரேசன் தேவையென்றால் 6 முதல் 18 மாதத்துக்குள் செய்வது நல்லது. உடம்புச் சூட்டில் கிடந்தால் விந்தை உண்டாக்குகிற கலங்கள் கெடும், பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்தும் கூடும். எங்கள் பெடியனைக் கொண்டுபோனது நாலு வயதில்.

சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கிற குழந்தைக்குச் சுன்னத்து செய்ய அவசரப்படாதீர்கள். முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். துவாரத்தைச் சரிசெய்கிற ஒப்பரேசனுக்கு, சுன்னத்தில் வெட்டுகிற அந்தத் தோல்தான் தேவைப்படும்.

பெண் பிள்ளைகள் பக்கம் நடக்கிற பிழை, பதினைந்து தாண்டியும் பெரியபிள்ளையாகாவிட்டால் கோயில் கோயிலாகத் திரிவது. மார்பு வளர்ந்திருக்கும், உயரம் வந்திருக்கும், எல்லாம் சரி, மாதவிடாய் மட்டும் இல்லை. காரணங்கள் பல. ஏறத்தாழ 5,000 பெண்களில் ஒருவருக்கு முல்லர் குழாய் சரியாக உருவாகாமல் கருப்பையே இருக்காது. சூலகம் அந்தக் குழாயில் இருந்து வருவதில்லை, அதனால் அது ஒழுங்காக இருந்து ஓமோனைச் சுரந்துகொண்டிருக்கும். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு ஸ்கான் எடுங்கள். எடுக்கும்போது சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஒன்றுதான் இருக்கும்.