டிஃபரன்ஷியலைத் திறக்காமல் ஆக்சில் ரேஷியோ பார்க்க

பின் ஆக்சிலின் கியர் விகிதம் என்பது சக்கரங்கள் ஒரு சுற்று போக புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்பதே. அது தெரிய டிஃபரன்ஷியலை (இரண்டு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) திறந்து பல் எண்ண வேண்டாம். ஒரு பின் சக்கரம் தரையில் இருக்கட்டும். மற்றதை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, கையால் 20 சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு, அது சுற்றியதை எண்ணி 10-ஆல் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 41 சுற்று என்றால் 4.1.

முன் சக்கரங்களுக்குக் கட்டை, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட், அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

20 சுற்றுக்கு ஏன் 10? புரொப்பல்லர் ஷாஃப்ட் முனையிலுள்ள சிறிய பல்சக்கரம் பினியன், அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல். கிரவுன் வீலின் வேகம் எப்போதும் இரண்டு சக்கரங்களின் சராசரி. ஒன்று நின்றால் மற்றது 2 சுற்று போனால்தான் கிரவுன் வீல் 1 சுற்று முடிக்கும். 2 சுற்றோடு நிறுத்தினாலும் கணக்கு சரிதான், ஆனால் 3.9-ஆ 4.1-ஆ என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம்.

லிமிடெட் ஸ்லிப் வகைக்கும் (இரண்டு சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்துவது) லாக் ஆன டிஃபரன்ஷியலுக்கும் இது சரிவராது. அங்கே இரண்டு சக்கரங்களையும் தூக்கிச் சேர்த்தே சுற்றி, சுற்றிய எண்ணிக்கையாலேயே வகுக்க வேண்டும். ஹப் ரிடக்ஷன் (சக்கரத்தின் ஹப்பிலேயே வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள கனரக ஆக்சிலில் கிடைப்பது மொத்த விகிதம். கிரவுன், பினியன் விகிதம் அல்ல.