போட்டோவைப் பார்த்து வைரத்துக்கு விலை சொல்பவர்கள்

பாட்டியின் தோட்டிலிருந்து கழன்று விழுந்த ஒற்றைக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, "இது எவ்வளவு போகும்?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார் என் சித்தி. ஐந்து நிமிடத்தில் மூன்று பதில்கள். பெரியப்பா நாற்பதாயிரம் என்றார். மாமா மூன்று லட்சம் என்றார். இன்னொருவர், "அமெரிக்கன் டைமண்ட் மாதிரி இருக்கு, விடுங்க" என்று, அதாவது வைரமே இல்லை, செயற்கைக் கல் என்று முடித்துவிட்டார். மூவரும் பார்த்தது ஒரே போட்டோ.

இதில் நடக்கும் பெரிய தவறு, படத்தை வைத்து எடையை ஊகிப்பது. அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார்கள். எந்த ஒரு ரூபாய்? 2011-இலிருந்து வரும் நாணயம் 22 மி.மீ.; அதற்கு முந்தைய ஸ்டீல் நாணயம் 25 மி.மீ. சின்னதைப் பெரியது என்று நினைத்துக் கணக்குப் போட்டால் கல்லின் குறுக்களவு 14 சதவீதம் கூடிவிடும். குறுக்களவோடு உயரமும் சேர்ந்து வளர்வதால் எடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். நாணயமே சரி என்றாலும் சிக்கல் தீராது. நல்ல வெட்டுள்ள வட்டக் கல் 6.5 மி.மீ. இருந்தால் ஏறக்குறைய 1 காரட். 6.2 என்றால் 87 சென்ட்தான் (நூறு சென்ட் ஒரு காரட்), 6.8 என்றால் 1.15 காரட். இந்த 0.3 மி.மீ. வித்தியாசம் செல்போன் படத்தின் மங்கலான ஓரத்திலேயே காணாமல் போய்விடும். கல்லின் உயரமோ மேலிருந்து எடுத்த படத்தில் தெரியவே தெரியாது.

அப்புறம், வைரத்தின் விலை எடையோடு சீராக ஏறுவதில்லை. 1 காரட்டைத் தொட்டதும் காரட்டுக்கான விலையே ஒரு படி தாவும். 97 சென்ட் கல்லும் 1 காரட் கல்லும் கண்ணுக்கு ஒன்றுதான், விலையில் ஒன்றல்ல. உதிரிக் கல்லில் உள்ள ஒரே சௌகரியம் அதை நேராகத் தராசில் வைக்கலாம் என்பது. அதை விட்டுவிட்டு ஏன் ஊகிக்க வேண்டும்? சமையலறைத் தராசு வேண்டாம்; 1 காரட் என்பதே 0.2 கிராம்தான். நகைக்கடையில் காரட் தராசு இருக்கும்.

நிறம் இன்னும் மோசம். வெள்ளை எது என்பதை செல்போன் தானாகவே முடிவு செய்கிறது. லேசான மஞ்சள் கல்லை வெளுத்துக் காட்டும், குண்டு பல்பின் கீழ் வெள்ளைக் கல்லை மஞ்சளாக்கும். சுற்றியுள்ள நிறத்தையும் வைரம் வாங்கிக்கொள்ளும் என்பதால் உள்ளங்கையின் சிவப்பு கல்லுக்குள் வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் கல்லைத் தலைகீழாக வைத்து, கட்டுப்படுத்திய ஒளியில், ஏற்கெனவே தரம் தெரிந்த கற்களோடு ஒப்பிட்டுத்தான் நிறத் தரத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்துத் தருகிறார்கள்.

நம் ஊரில் இதில் கூடுதலாக ஒரு மயக்கம் உண்டு: ப்ளூ ஜாகர் என்று உயர்வாகச் சொல்லப்படும் நீலச்சாயல் வைரம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர். அங்கே கிடைத்த நல்ல கற்கள் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். வெயிலில் அந்தக் கதிர் இருக்கிறது, வீட்டு விளக்கில் அநேகமாக இல்லை. அதனால் ஒளிரும் கல் எதுவானாலும் மொட்டை மாடியில் எடுத்த படத்தில் ஒரு மாதிரியும் கூடத்தில் எடுத்ததில் வேறு மாதிரியும் தெரியலாம். நீலச்சாயலைப் பார்த்து "ஜாகர்தான்" என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

படத்தைப் பெரிதாக்கிக் கரும்புள்ளி தேடுவதும் வீண் வேலை. நடுவில் கறுப்பாகத் தெரிவது பல நேரம் கேமராவின் நிழல்தான். சித்தியின் படத்திலும் ஒரு புள்ளி இருந்தது. கிண்ணத்தில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் எடுத்துக் கழுவியதும் போய்விட்டது. உண்மையான குறையோ 10 மடங்கு லென்ஸில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இது வைரம்தானா? படம் பதில் சொல்லாது. லேப்பில் சி.வி.டி. என்ற முறையில் வளர்த்த கல்லும் வைரமே; லென்ஸ் வைத்தும் பிரிக்க முடியாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். வைரமா என்று சோதிக்கக் கடையில் வைக்கும் வெப்பப் பேனா லேப் வைரத்தையும் வைரம் என்றே காட்டும், வைரம் போலவே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லிலும் ஏமாறலாம். "பாட்டி காலத்துக் கல், அப்போது லேப் வைரம் ஏது?" என்பது நியாயமான வாதம்தான். நடுவில் தோட்டை ரிப்பேருக்குக் கொடுத்தபோது கல் மாறவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால். சான்றிதழின் படம் வந்தாலும் அந்தக் காகிதம் இந்தக் கல்லுக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். சான்றிதழில் உள்ள அறிக்கை எண் பல கற்களின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும்.

இணையத்தில் அதே அளவு கல்லின் விலையைப் பார்த்து அதுவே நமக்கும் கிடைக்கும் என்று எண்ணுவதும் சகஜம். அது கடைக்காரர் கேட்கும் விலை. வியாபாரிகள் பார்க்கும் ராபபோர்ட் பட்டியலில்கூட இருப்பது கேட்பு விலைதான். பல கற்கள் அதற்குக் கழிவு போட்டே கைமாறும். விற்கப் போகும் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது அதற்கும் கீழே. காப்பீட்டுக்கு எழுதிய மதிப்பு வேறு கணக்கு.

போட்டோவே உதவாது என்று சொல்லவில்லை. வடிவம், ஓரத்தில் உடைசல், பழைய வெட்டா புதிய வெட்டா என்பதெல்லாம் தெரியும். பழைய வெட்டில் மேல்தளம் சின்னதாக இருக்கும், நடுவே அடிமுனை சிறு வட்டமாகத் தெரியும். வெள்ளைத் தாளில் கல்லைக் கவிழ்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து, எடையையும் மி.மீ. அளவையும் சேர்த்து அனுப்பினால், விவரம் தெரிந்தவர் தோராயமாக இதிலிருந்து இதற்குள் என்று சொல்ல முடியும்.

சித்தியின் கல் 5 மி.மீ., 48 சென்ட், பழைய வெட்டு. அமெரிக்கன் டைமண்ட் வைரத்தைவிடக் கனமானது. அதே அளவில் தராசு 80 சென்ட்டை ஒட்டிக் காட்டியிருக்கும். ஆக அந்தச் சந்தேகம் தீர்ந்தது. மூன்று லட்சம் சொன்ன மாமா இப்போதெல்லாம் குழுவில் காலை வணக்கம் மட்டும் போடுகிறார்.