டயர் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

போன மார்கழியில் ஒரு கொப்பரை வியாபாரி காலை ஏழு மணிக்கே கடை வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, மீட்டர்ல காத்து கம்மின்னு காட்டற இந்த மஞ்ச லைட்டு தினமும் காலைல எரியுது, பத்து மணிக்கு மேல தானா அணைஞ்சுக்குது. சென்சார் போயிருச்சாட்ட இருக்குது. அதக் கழட்டி உட்ருங்க" என்றார். வண்டி ஒரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, டயர் சில்லென்று இருந்தது. கேஜ் வைத்துப் பார்த்தால் நான்கிலும் 25, 26. அந்த வண்டிக்கு வேண்டிய காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ.

சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இரவுக் குளிரில் காற்று சுருங்கி, அழுத்தம் விளக்கு எரியும் எல்லைக்குக் கீழே போகிறது. வெயில் ஏறி, வண்டி ஓடி, டயர் சூடானதும் எல்லைக்கு மேலே வந்துவிடுகிறது. 10 டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். விளக்கு எரியவும் அணையவும் அது போதும்.

காங்கேயத்தில் டயர் கடை வைத்து 22 வருடமாகிறது. இந்த விளக்கு எரியாதவரை காற்று சரியாக இருக்கிறது என்று நம்புகிறவர்களைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன். அது எனக்குப் பெரிய கவலை. டயர் பிய்ந்து கார்கள் கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு, 2000-ல் அமெரிக்கா காற்றுக் குறைவை எச்சரிக்கும் இந்தச் சாதனத்துக்கென்று சட்டம் போட்டது. அந்த விதிப்படி, இருக்க வேண்டிய காற்றில் 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். அதாவது 33 இருக்க வேண்டிய டயர் 25-க்கு இறங்கும்வரை அது பேசாமல் இருக்கலாம். 28-ல் ஓடும் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து சூடேறிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில், நான்கு பேரும் மூட்டையுமாக, அவிநாசி பைபாஸில் நூறில் போகும்போது அந்தச் சூடு என்ன செய்யும் என்று கிழிந்த டயர்களைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மீட்டரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி எண் காட்டினால் உள்ளே சென்சார் இருக்கிறது. தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, வால்வின் அடிப்பகுதியோடு சேர்ந்து ரிம்முக்குள் உட்கார்ந்திருக்கும். காற்றழுத்தத்தையும் சூட்டையும் அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். பேட்டரியை மிச்சம் பிடிக்க, வண்டி நின்றால் தூங்கிவிடும், சக்கரம் சுழன்றால் விழிக்கும். அதனால் காற்று பிடித்த உடனே விளக்கு அணையவில்லை என்று பதற வேண்டாம், சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

எண் காட்டாமல் விளக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வழியாகச் சக்கரம் சுற்றும் வேகத்தைக் கணக்குப் போடும் வகை. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு கொஞ்சம் குறையும், ஆகவே மற்றதைவிட வேகமாகச் சுற்றும். அப்பனோடு நடக்கும் பிள்ளை கூடுதலாக எட்டு வைப்பதைப் போல. நான்கிலும் ஒரே அளவு குறைந்தால் பல வண்டிகளில் இந்தக் கணக்கு ஏமாந்துவிடும். இந்த வகையில், காற்றைச் சரியாக நிரப்பிய பிறகுதான் ரீசெட் கொடுக்க வேண்டும். விளக்கை அணைக்க வேண்டுமே என்று 26-ல் ரீசெட் கொடுத்தால், 26-தான் சரி என்று வண்டி மனப்பாடம் செய்துகொள்ளும்.

விளக்கு நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. சாவி போட்டதும் ஒரு நிமிடம் போல மின்னி மின்னி, பிறகு நிலையாக நின்றால், கோளாறு சாதனத்தில். பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சாரில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

காற்று பார்க்கும் முறைக்கு வருகிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது, காலையில், வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள். அளவு, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் ஓரத்தில் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, அதை நிரப்பக் கூடாது. கோயம்புத்தூரிலிருந்து ஓட்டி வந்த சூட்டில் பங்க்கில் கேஜ் வைத்து, 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்குகிறவர்கள் நிறைய. இறக்காதீர்கள். விடிந்தால் அது 33-க்கே வந்து நிற்கும். ஊட்டிக்குப் போனால் குளிர் அழுத்தத்தை இறக்கும், மலை உயரம் கேஜின் எண்ணை ஏற்றும். பஞ்சர் இல்லையென்றால் மேலே கை வைக்காமல், கீழே வந்து மறுநாள் காலையில் பாருங்கள்.

எண் காட்டும் மீட்டரில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. மூன்று சக்கரம் 33 இருக்க, ஒன்று மட்டும் 30, இரண்டு நாளில் 28 என்றால் அது குளிர் இல்லை, முள். எங்கள் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் வேலிக்குக் கிலுவை முள்செடிதான். கிளை கழித்த நாளில் இட்டேரியில் (இரண்டு வேலிக்கு நடுவே போகும் மண்பாதை) ஓட்டிய வண்டி எப்படியும் கடைக்கு வந்துவிடும். முள் உள்ளேயே முறிந்து நின்று துளையை அடைத்திருக்கும், காற்று மெல்லத்தான் கசியும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் கடுகளவு குமிழி ஒன்று எழும்பி உடைந்து, அதே இடத்தில் மறுபடியும் எழும்பும். விளக்கு எரிவதற்கு முன்பே, எண்ணைப் பார்த்தே இதைப் பிடித்துவிடலாம்.

முள்ளுக்குப் பயந்து டயருக்குள் பஞ்சர் லிக்விட் ஊற்றுவது இங்கே வழக்கம். சென்சார் உள்ள டயரில் கண்டதை ஊற்றாதீர்கள். காற்றை உணரும் சிறு துளையை அது அடைத்துவிடும். வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றினாலும், சீக்கிரம் டயரைக் கழற்றிச் சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்கள்.

டயர் கழற்றக் கொடுக்கும்போது, "உள்ளே சென்சார் இருக்குங்க" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கேட்காமல் கை வைத்த அனுபவம் எனக்கே உண்டு. மெஷினின் கை டயரை அமுக்கி ரிம்மிலிருந்து பிரிக்கும் இடத்தில் வால்வ் இருந்தது. டக்கென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் பெட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. புதுச் சென்சாரின் பணத்தை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து வால்வை ஒதுக்கி வைத்துத்தான் அமுக்குகிறேன்.

டயர் மாற்றும்போதெல்லாம் வால்வின் ரப்பர் சீல், நட், உள் ஊசி மூன்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அலுமினிய வால்வுக்கு நிக்கல் பூசிய ஊசிதான் வேண்டும். பித்தளை ஊசி நாளடைவில் அரித்து ஒட்டிக்கொள்ளும், கழற்றினால் வால்வே முறியும். பளபளவென்று விற்கும் உலோக மூடியும் அப்படித்தான், பிளாஸ்டிக் மூடியே போதும். சக்கரங்களை இடம் மாற்றினால் பல வண்டிகளில் எந்தச் சென்சார் எங்கே என்று மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

உள்ளே இருக்கும் சென்சாரின் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, அரக்கு வைத்த மாதிரி அடைத்திருப்பார்கள். 5 முதல் 10 வருடம் வரும். நான்குக்கும் ஒரே வயது, ஒன்று தீர்ந்தால் மற்றதும் பின்னாலேயே வரும். 7 வருடம் தாண்டிய வண்டிக்குப் புது டயர் போடுகிறீர்கள் என்றால், டயர் எப்படியும் கழன்றிருக்கும் அந்த நேரத்திலேயே நான்கையும் மாற்றிவிட்டால் இன்னொரு கழற்றுக் கூலி மிச்சம்.