மழையில் தோட்ட ரயில் ரிமோட்டுக்கு மசியவில்லையா? பழுதைத் தேடும் வழி

கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழைக்குத் தப்புவது அரிது. வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களிடம் அப்போது கேட்கும் புகார் ஒன்றுதான்: காலையில் சொன்னபடி ஓடிய என்ஜின், மழை விட்டதும் ரிமோட்டை மதிப்பதில்லை. உடனே ஆன்டெனாவை மாற்றக் கிளம்பாதீர்கள். இருபது முப்பது மீட்டர் தூரத்தில் மழைத்துளிகள் ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைக் குறைக்கும் அளவு ஒரு பொருட்டே அல்ல. கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்த ஏதோ ஓர் இணைப்பில்.

முதலில் முகப்பு விளக்கைப் பாருங்கள். என்ஜின் நிற்கும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், மின்சாரம் அறுந்திருக்கிறது. விளக்கு எரிகிறது, என்ஜின் மட்டும் கேட்கவில்லை என்றால் சிக்னலைச் சந்தேகிக்கலாம். விளக்கு சிமிட்டி, என்ஜின் ஒலி மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் டீகோடர் (கட்டளையை ஏற்று மோட்டாரை இயக்கும் என்ஜின் உள் பலகை) ரீசெட் ஆகிவிட்டது; மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்ததற்கு அதுவே அடையாளம்.

தண்டவாளம் வழியாக மின்சாரம் கொடுக்கிறீர்களா? சப்ளையைக் கழற்றி, என்ஜின், விளக்கு எரியும் ரயில் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஈரத்தில் எண் ஆடும், பரவாயில்லை. 20 வோல்ட்டுக்கு 200 ஓம் என்றால் 0.1 ஆம்பியர்தான் கசிகிறது. அதனால் எதுவும் நிற்காது. 10 ஓம் என்றால் 2 ஆம்பியர். அப்போது சேறும் உரமும் கலந்த ஜல்லியை வாரிக் கழுவத்தான் வேண்டும். அடுத்து, சப்ளையை மாட்டி என்ஜினை ஓடவிட்டு, மின்சாரம் ஏறும் இடத்திலும் கடைக்கோடியிலும் வோல்ட் அளந்து பாருங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் தண்டவாள இணைப்புத் துண்டு. சொருகும் வகையை எடுத்துவிட்டு, திருகி இறுக்கும் பித்தளைக் கிளாம்ப் போடுங்கள். பினாங்கில் கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் சேர்வதால், சொருகும் வகை அங்கே வீண் செலவு.

பேட்டரி என்ஜின் என்றால் வேலை சுலபம். நான்கு செல் லித்தியம்-அயன் பேக் முழுச் சார்ஜில் 16.8 வோல்ட் காட்டும். பளு இழுக்கும்போதே அளந்து பாருங்கள். 12 வோல்ட்டை நெருங்கினால் பாதுகாப்புச் சர்க்யூட் வெட்டிவிடலாம், முகப்பு விளக்கைக் கவனிக்காவிட்டால் அது சிக்னல் போனது போலவே தோன்றும்.

மின்சாரம் சரி என்று தெரிந்த பிறகு சிக்னலுக்கு வாருங்கள். காய்ந்த நாளில் என்ஜினை ஓரிடத்தில் நிறுத்தி, ஐந்து ஐந்து மீட்டராக விலகி, ரிமோட் கேட்காமல் போகும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். மழைக்குப் பிறகு அதையே திரும்பச் செய்யுங்கள். தூரம் பாதியாகக் குறைந்தால் ஈர இலைகளைப் பாருங்கள்: வாழையும் செம்பருத்தியும் நனைந்து நின்றால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உண்மையான தடை. அடிப்பெட்டியின் (கட்டளையை ரயிலுக்கு அனுப்பும் நிலையான பெட்டி) ஆன்டெனாவை மழை படாத போர்ச்சுக்குள், செடிகளுக்கு மேலே, இரண்டு மீட்டர் உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். கேபிள் உள்ளே நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். நீர் அங்கேயே சொட்டிவிடும். என்ஜினுக்குள் ஆன்டெனாவின் வெறுங்கம்பி நுனி, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு சுமார் 31 மில்லிமீட்டர், மோட்டாரிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் விலகி நிற்க வேண்டும். பித்தளை உடல் அலையை மறைக்கும்; அப்படிப்பட்ட என்ஜின் என்றால் ஆன்டெனாவைப் பின்னால் வரும் பிளாஸ்டிக் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். அமெரிக்காவின் 902–928 மெகாஹெர்ட்ஸ் கருவிகளை வாங்கி வராதீர்கள். மலேசியாவில் அதில் ஒரு பகுதி கைப்பேசிக்கு உரியது.

இன்னொன்று: மழை வந்தால் வீட்டிலுள்ள எல்லோரும் வைஃபையில் படம் பார்ப்பார்கள். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் ரிமோட்டுக்குக் குறுக்கிடலாம். ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். கைப்பேசியில் ரயில் ஓட்டுபவர்கள் திரையில் விழும் ஒரு சொட்டு நீரே வேகத்தை மாற்றக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஈரத்தில் திருகு குமிழ் உள்ள ரிமோட்தான் நம்பகமானது.

ஏர்கான் அறையில் கிடந்த ரிமோட்டை நேராக வெளியே கொண்டுவந்தால் அதன் உள்ளே பனி பூக்கும். இங்குள்ள காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே ஈரம் படிந்துவிடும். ஜிப் பையில் போட்டு மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். நனைந்த ரிசீவரை உடனே ஆன் செய்யாதீர்கள்: பேட்டரியைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். காய்ந்தபின் அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சு அடிக்கலாம். சொருகும் முனைகளையும் ஆன்டெனாவையும் முன்கூட்டியே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். ஆல்கஹால், பூச்சு, நீர்புகா கனெக்டர் ஆகியவற்றைக் கோலாலம்பூர் ஜாலான் பாசாரின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடிப் பாருங்கள்.

சார்ஜ் துளை, புகைக்கூண்டு, அடிப்பக்க ஸ்பீக்கர் வழியாகத்தான் தண்ணீர் அதிகம் ஏறும். அடைக்கச் சிலிகான் வாங்கும்போது மூடியைத் திறந்து முகருங்கள். காடி வாசம் வீசினால் வேண்டாம். அது ஆறும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். 'நியூட்ரல்' என்று எழுதிய குழாயைக் கேளுங்கள்.

230 வோல்ட் சப்ளை எப்போதும் வீட்டுக்குள்ளேயே, 30 மில்லியாம்பியர் கசிவு பிரேக்கர் உள்ள பிளக்கில் இருக்கட்டும். இடி கேட்டதும் சோதனையை விட்டுவிட்டு, சுவர் பிளக்கைப் பிடுங்கி, தண்டவாளத்துக்குப் போகும் கம்பிகளையும் அடிப்பெட்டியிலிருந்து கழற்றுங்கள்.