கிளியோபிளாஸ்டோமாவும் ரத்தப் பரிசோதனை எண்களும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது, நாங்கள் படித்த காலத்துத் தவறுகளே திரும்ப வருகின்றன. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டி வந்தவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து, அறுவை சிகிச்சைக்கு முந்தைய ரத்த எண்ணிக்கைக்கும் நோயாளி வாழ்ந்த மாதங்களுக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகள் இவை. அலகு மாறுவது, எண் தப்புவதையெல்லாம் வழிகாட்டியே பிடித்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டெக்ஸாவை மறப்பது

நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டும் ரத்த வெள்ளை அணுக்கள். நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட்டால் வகுத்தால் என்.எல்.ஆர். அது 4-க்கு மேல் போனால் வாழ்நாள் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஸ்கேனில் கட்டியும் வீக்கமும் தெரிந்ததுமே, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனை (டெக்ஸா) தொடங்கிவிடுவார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோபில்கள் அந்த மருந்தால் ஓட்டத்தில் கலக்கும், லிம்போசைட்டுகள் குறையும். கட்டி அப்படியே இருக்க, விகிதம் மட்டும் எகிறும். வீக்கம் அதிகமாகி உடல்நிலை மோசமானவருக்குத்தான் டெக்ஸாவும் கூடுதலாகப் போகும். அவருடைய ஆயுளைக் குறைப்பது அந்த நிலைமையாகவே இருக்கலாம்.

ஒரு மாணவியைக் கேஸ் ஷீட்டுகளை மறுபடி புரட்டச் சொன்னேன். பலருக்கு, அனுப்பிவைத்த மருத்துவமனையிலேயே டெக்ஸா ஊசி போட்டிருந்தார்கள். ரெஃபரல் கடிதத்தில் மட்டும் அது இருந்தது. அதைக் கணக்கில் சேர்த்ததும், அவர் நம்பியிருந்த பி மதிப்பின் பலம் (தொடர்பு தற்செயலானதல்ல என்ற ஆதாரம்) கரைந்துபோனது.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதன் அடுத்த கட்டம். இப்படி வந்த எண் இணையம் வழியாக நோயாளியின் வீட்டுக்குள் போகிறது. ஒரு மகன் ரிப்போர்ட்டைத் தானே வகுத்துப் பார்த்துவிட்டு வந்து, "அப்பாவுக்கு 9 வருது சார், அவ்ளோதானா?" என்றார். அப்பா டெக்ஸாவில் இருந்தார். அந்த 9-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று புரியவைப்பதற்குள் அவர் அழுதுவிட்டார்.

முதல் ஸ்டீராய்டு எப்போது, எவ்வளவு, ரத்தம் எடுத்தது எப்போது: மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். ரத்தச் சர்க்கரையை ஆராய்பவர்களுக்கும் இதே விதிதான். ஸ்டீராய்டு அதையும் ஏற்றும்.

வெட்டுப்புள்ளியைத் தேடிப் பிடிப்பது

ஆர்.ஓ.சி. (எந்த எண் நோயாளிகளை நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் வரைபடம்) வரைந்து தோதான எண்ணை வெட்டுப்புள்ளியாக எடுத்து, அதே நோயாளிகளிடம் சோதித்தால் 'பலன்' வந்தே தீரும். என்.எல்.ஆரைத் தொடர் எண்ணாகவே வையுங்கள்.

எம்.ஜி.எம்.டி. இல்லாத அட்டவணை

டெமோசோலமைடு என்ற கீமோ மருந்து யாருக்கு நன்றாக வேலை செய்யும் என்று காட்டும் மரபணுச் சோதனை அது. அது இல்லாமல் அனுப்பாதீர்கள்.

ஐ.டி.எச். பார்க்காத பழைய கேஸ்கள்

2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில், ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ள கட்டி கிளியோபிளாஸ்டோமாவே அல்ல. அந்த நோயாளிகள் பொதுவாக நீண்ட நாள் வாழ்பவர்கள். கலந்தால் வரைபடமே திரியும்.

நாளைத் தவறாக எண்ணுவது

டெமோசோலமைடும் கதிர்வீச்சும் லிம்போசைட்டைக் குறைக்கும். ஆறு வாரக் கதிர்வீச்சு முடிந்தபின் எடுத்த ரத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, வாழ்நாளை அறுவை சிகிச்சையிலிருந்து எண்ணுகிறார்கள். அதுவரை பிழைத்தவர்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் இருப்பார்கள். 2005-ல் வெளியான ஸ்டுப் ஆய்வில், டெமோசோலமைடு சேர்த்ததால் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இரண்டரை மாதமே பெரிய முன்னேற்றமாக இருக்கும் நோயில், அந்த வாரங்களைச் சும்மா கூட்டிக்காட்டக் கூடாது. வாழ்நாள் கணக்கு, ரத்தம் எடுத்த நாளில் தொடங்கட்டும்.