கயோ மலைக்குப் போகிறீர்களா? கிலோமீட்டரை நம்பாதீர்கள்

காப்பிப் பொட்டலத்தில் 'சுமத்ரா கயோ' என்று பார்த்துவிட்டு, அந்த ஊரையே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், அதன் வடகோடியில், ஆச்சே மாகாணத்தின் நடுமுதுகில் இருக்கிறது கயோ மலைநாடு. ஆச்சே தெங்கா, பெனர் மெரியா, கயோ லுவெஸ் என்ற மூன்று மாவட்டங்கள் அதன் மையம். தாகெங்கோன் நகரத்தில் அறை எடுத்து, லூத் தாவார் ஏரியைச் சுற்றிப் பார்த்து, நாலு கடையில் காப்பி குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவையில்லை. அங்கிருந்து தெற்கே லிங்கே பக்கமோ, இன்னும் தள்ளிக் கயோ லுவெஸ் பக்கமோ ஒரு கிராமத்தில் சில நாள் தங்கப் போகிறவர்கள்தான் சறுக்குகிறார்கள். சறுக்கல் பெரும்பாலும் கணக்கில்தான் தொடங்குகிறது.

கடற்கரையோரம் இருக்கும் பிரூவெனிலிருந்து தாகெங்கோன் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பயணம் என்று வரைபடத்தை வைத்து முடிவுகட்டுகிறோம். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிற கொண்டையூசிப் பாதை அது. ஏறப்போவது பெரும்பாலும் எல்-300 எனப்படும் பழைய மிட்சுபிஷி வேன். ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள், கூரையில் மூட்டை ஏறும், வழியில் சாப்பாட்டுக்கு நிற்கும். தாகெங்கோனிலிருந்து கயோ லுவெஸின் தலைநகரான பிளாங்கெஜெரென் போகும் தெற்குப் பாதை இன்னும் மோசம். மழை பெய்தால் மண் சரியும், மண்ணை அள்ளி வழிவிடும்வரை வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். மலையிறங்கும் அன்றைக்கே விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும். பெனர் மெரியாவில் ரெம்பெலே என்று ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. ஆனால் மலையில் மேகம் இறங்கிவிட்டால் அதையும் நம்பி உட்கார முடியாது.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. 2025 நவம்பர் கடைசியில் சென்யார் புயல் கொட்டிய மழையில் பாலங்கள் உடைந்து, சாலைகள் சரிந்து, ஆச்சே தெங்காவும் பெனர் மெரியாவும் தரைவழியே துண்டிக்கப்பட்டுப் பல நாள் தவித்தன. அதே வாரம்தான் டித்வா புயலில் இலங்கை மலையகத்தில் லயன் வீடுகள்மீது மண் சரிந்தது. அதனால் இந்தப் படம் நமக்குப் புதிதல்ல. போகுமுன் சாலை எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே இருக்கிற ஒருவரிடம் கேளுங்கள். கைப்பேசி வரைபடத்துக்கு இடிந்த பாலம் தெரியாது.

உடை விஷயத்திலும் இப்படித்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிற நாடுதானே, பருத்திச் சட்டை போதும் என்று போகிறவர் முதல் ராத்திரியே போர்வைக்கு அலைவார். ஸ்வெட்டர், மழைச்சட்டை இரண்டும் வேண்டும்.

பணம்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். ஆச்சேயில் வங்கிகள் எல்லாம் இஸ்லாமிய முறையில்தான் இயங்க வேண்டும் என்று 2018-ல் சட்டம் வந்தது. அதன் பிறகு ஜகார்த்தாவிலும் பக்கத்து மாகாணத்தின் மேடான் நகரிலும் மூலைக்கு மூலை பார்க்கிற வழக்கமான வங்கிகள் அங்கே கடையைக் கட்டிவிட்டன. அவற்றின் ஏடிஎம் இருக்கும் என்று நம்பி மலையேற வேண்டாம். மேடானிலேயே ரூபியாவை எடுத்துக்கொண்டு, சில்லறை நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பெட்டிக்கடையில் ஒரு லட்சம் ரூபியா நோட்டை நீட்டுவது அவர்களுக்குத்தான் தர்மசங்கடம்.

இனி மனிதர்கள். "ஆச்சே மக்கள்தானே நீங்கள்?" என்று கயோக்காரரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவார். மாகாணம் ஆச்சே, ஆனால் மொழி வேறு, வழக்கம் வேறு. கடலோர ஆச்சே மொழி பேசுகிறவருக்குக் கயோ மொழி புரியாது. நாலு ஆச்சே சொல்லைப் படித்துக்கொண்டு போய் அங்கே உதிர்ப்பதைவிட, இந்தோனேசிய மொழியில் திக்கித் திணறுவது மேல். 'சானா கெபெர்' என்று நலம் விசாரிக்கவும், 'பெரிஜின்' என்று நன்றி சொல்லவும் தெரிந்தால் முகம் மலரும்.

பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அடுத்த தவறு. பிள்ளை பிறந்ததும் பெற்றோரின் சொந்தப் பெயர் பின்னால் போய்விடும். மூத்த பிள்ளை ராம்லி என்றால் அப்பா 'அமான் ராம்லி', அம்மா 'இனென் ராம்லி'. நம் ஊரில் மனைவி கணவரைக் 'குமார் அப்பா' என்பதுபோல, அங்கே ஊரே அப்படித்தான் கூப்பிடும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் 'அமான் மாயாக்', 'இனென் மாயாக்' என்று பட்டம் தயார். வயதானவர்களை 'அவான்' (தாத்தா), 'அனான்' (பாட்டி) என்றால் போதும். அடையாள அட்டையில் இருக்கிற பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவதை மரியாதை என்று நினைக்காதீர்கள்.

இதைவிட நுட்பமானது 'சுமாங்'. ஆணும் பெண்ணும் பழகுவதில் எது முறையல்ல என்பதற்கான கயோ வழக்கின் சொல் அது. பேச்சு, உட்காருமிடம், நடை, பார்வை என நான்காகப் பிரிப்பார்கள். வெளியூர்க்காரருக்கு இது எங்கே உறைக்கும் என்றால், வீட்டில் பெண் மட்டும் தனியாக இருக்கும்போது ஆண் விருந்தாளி உள்ளே போய் உட்காரும்போது. யாரும் வாய்திறந்து கண்டிக்க மாட்டார்கள். அடுத்த நாள் வரவேற்பு மட்டும் ஒரு பிடி குறைந்திருக்கும். வாசலில் நில்லுங்கள், வீட்டுக்காரர் வரட்டும். மணமாகாத இணை ஒரே அறை கேட்பது இன்னும் வம்பு. ஆச்சேயின் ஷரியா குற்றச் சட்டத்தில் அது 'கல்வத்', தண்டனைக்குரியது. இடம் கொடுத்தவரையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள்.

கிராமத்தில் இரவு தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தலைவரிடம் சொல்ல வேண்டும். கயோவில் அவர் 'ரெஜெ'. நம் 'ராஜா' போன வழியில்தான் இந்தச் சொல்லும் போயிருக்கிறது. இதை வெறும் அலுவல் சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். சாலை மூடினால் வண்டி ஏற்பாடு செய்யப்போவதும், எந்தக் காட்டுப்பாதையில் போகலாம் என்று சொல்லப்போவதும் அவர்தான்.

பேச்சில் ஒரு எச்சரிக்கை. 1904 ஜூன் 14 அன்று டச்சுப் படை கூத்தா ரெஹ் கோட்டையில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் 500-க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. பிணங்களுக்கு நடுவே எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அது நூறாண்டைத் தாண்டிய கதை. இந்தோனேசிய அரசுக்கும் ஆச்சே விடுதலை இயக்கத்துக்கும் இடையே நடந்து, 2005 ஆகஸ்ட் ஒப்பந்தத்தோடு முடிந்த உள்நாட்டுப் போர் அப்படியல்ல. கயோ மலையில் பக்கத்து வீடுகளே எதிரெதிர்ப் பக்கம் நின்ற காலம் அது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். காப்பியோடு கிளறுவதற்கான பொருள் அல்ல.

நிலத்தைப் பார்ப்பதிலும் நம் கண் ஏமாற்றும். கயோ என்றால் எங்கும் காப்பித் தோட்டம் என்று எதிர்பார்த்து லிங்கே பக்கம் போனால் பைன் மரக்காடும், புல்வெளியும், எருமையும், பள்ளத்தாக்கில் நெல்வயலும்தான் தெரியும். கயோ லுவெஸில் எலுமிச்சைப் புல்லின் உறவான வாசனைப் புல்லைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள். அந்தப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் தரிசு என்று எண்ணிக் கூடாரம் அடிக்காதீர்கள். அது 'பெருவெரென்', ஊர் மாடுகளும் எருமைகளும் மேய்வதற்கு வழக்கத்தில் ஒதுக்கிய நிலம். திறந்த வேலிப்படலை மூடாமல் நடந்தால் அன்று சாயங்காலம் யாரோ ஒருவர் எருமை தேடி அலைவார்.

காப்பி ஊர்களுக்குப் போனால் சாலையோரத் தார்ப்பாயில் காயும் கொட்டையை மிதிக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தக் கொட்டை நீலப் பச்சையாக, ஈரமாக இருப்பதைப் பார்த்து 'சரியாகக் காயவிடவில்லை' என்று ஆலோசனை சொல்கிற நிபுணர்கள் உண்டு. அது அவர்களின் முறையே. பழத்தைத் தோலுரித்து, ஓர் இரவு புளிக்கவைத்து, கழுவி, அரைகுறையாகக் காய்ந்த நிலையிலேயே மேலோட்டை உடைத்துவிட்டுப் பிறகுதான் முழுதாகக் காயவைப்பார்கள். ஓயாமல் மழை பெய்கிற மலையில் ஓட்டோடு வாரக்கணக்கில் காயவைக்க முடியாது. பொட்டலத்தில் எழுதிப் போடுகிற அந்த மண்வாசனைக்கும் கனத்துக்கும் பாதிக் காரணம் இந்த அவசரம்தான். நிழலுக்கு நிற்கிற மரத்தைப் பாருங்கள், நம் சூபாபுல்தான்.

வீட்டில் கொடுக்கிற காப்பி, கடையில் குடித்ததுபோல் இருக்காது. பொடியோடு, சர்க்கரை தூக்கலாக வரும். முகம் சுளிக்காமல் குடியுங்கள். ஏரியில் மட்டுமே கிடைக்கும் 'தெபிக்' என்ற சின்ன மீன் தட்டில் வந்தால் அது உபசாரம் என்று புரிந்துகொள்ளுங்கள். வரத்து குறைந்துவிட்ட மீன் அது.

கலைநிகழ்ச்சி பற்றி ஒன்று. 2018 ஆசிய விளையாட்டுத் தொடக்க விழாவில் ஆயிரக்கணக்கான மாணவியர் அமர்ந்து ஆடியதைப் பலர் 'சமான்' என்று எழுதினார்கள். அது ராத்தோ ஜாரோ என்ற வேறு ஆட்டம். சமான் கயோ லுவெஸின் ஆண்கள் மட்டும் ஆடுவது, 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே போய் 'பெண்கள் எப்போது ஆடுவார்கள்' என்று கேட்டால் அசடு வழிய வேண்டிவரும். 'திதோங்' பார்க்க வாய்த்தால் அரை மணியில் எழுந்து வராதீர்கள். இரண்டு குழுக்கள் எதிரெதிரே அமர்ந்து, கைதட்டியும் சின்னத் தலையணையைத் தட்டியும், பாட்டாலேயே ஒருவரை ஒருவர் மடக்கும் போட்டி அது. ராத்தொழுகைக்குப் பின் தொடங்கி விடிய விடியப் போகும். நல்ல வெட்டும் பதிலடியும் நள்ளிரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். மொழி புரியாவிட்டாலும் கூட்டம் எப்போது சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் ஊர் திரும்புவதாக இருந்தால் வேன்காரரிடம் முந்தைய நாள் மாலையே சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்வார். எந்த நேரத்துக்கு என்று மட்டும் வற்புறுத்த வேண்டாம்.