பிரெஞ்சு பழக எந்த ஊரில் தங்கலாம்?

ஹட்டனில் என்னிடம் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் பலர் பாரிஸ் என்றுதான் தொடங்குகிறார்கள், அதிலும் லா ஷப்பல் பக்கம். உறவுக்காரர் இருந்தால் மனதுக்குத் தெம்புதான். ஆனால் அங்கே தமிழ்க் கடைகள் நிறைய. பாண், மரக்கறி வாங்கப் பிரெஞ்சே தேவைப்படாது.

மொழிக்காகப் போகிறவர்கள் ஆன்ஜே, தூர் மாதிரி நடுத்தர நகரங்களைப் பாருங்கள். வாடகை பாரிஸை விடக் குறைவு. ஆன்ஜே கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கென்றே பிரெஞ்சு வகுப்புகள் உண்டு.

தனி அறை வேண்டாம், ஒரு குடும்பத்தோடு தங்குங்கள். இரவுச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் பேச்சு எந்த வகுப்பிலும் கிடைக்காது. அந்த வீட்டில் உங்களோடு ஆங்கிலம் பேசுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பேசுவார்கள் என்றால் வேறு வீடு தேடுங்கள், இதில் நான் பிடிவாதக்காரி.

அப்புறம், புறப்படுவதற்கு முன் கண்டியில் உள்ள பிரெஞ்சு மொழி நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸில் அடிப்படையைப் படித்துவிடுங்கள்.